லெ மோர்ன் மலையடியில் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

1835 பிப்ரவரி 1 அன்று மொரீசியசில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அந்நாளை நினைந்து லெ மோர்ன் மலையடிவாரத்தில் இவ்வாண்டும் கூடியபோது உழைத்த அனைவருக்கும் விழாக் குழுவின் மனமார்ந்த நன்றி.

முதலில், ரவான் என்னும் வட்டமான தோல்பறையைச் செய்து தந்தவர்களுக்கும் அதைத் தீயில் காய்ச்சியவர்களுக்கும். ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, ஈரம் இருக்கும்போதே மரவளையத்தில் சுற்றிலும் ஒரே இழுப்பாக இழுத்துக் கட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். சுடுவெயிலில் வைத்தால் ஓரம் முன்னதாகக் காய்ந்து தோல் கோணிவிடும். பிப்ரவரி எங்களுக்கு மழையும் புயலும் சேர்ந்த பருவம். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத் தோல் தொய்ந்துவிட்டால், தட்டினால் 'தொப்' என்றுதான் கேட்கும். நம் பறையைப் போல இதையும் தீயில் காட்டித்தான் முறுக்கேற்ற வேண்டும். காய்ந்த ஓலை எரியும்போது, தோல்பக்கம் அனலைப் பார்க்க, வளையத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கே வெடிக்கும். சூடு ஆறினால் சுருதி இறங்கும் என்பதால், ரவான் தாளத்துக்கு ஆடும் சேகா ஆட்டம் முடியும்வரை நெருப்பை அணையவிடாமல் காத்தவர்களுக்குத் தனி வணக்கம்.

அடுத்து, அடிமைப் பதிவேடுகளிலிருந்து பெயர்களைத் திரட்டித் தந்தவர்களுக்கு. உடைமையாளர்கள் சொல்லச் சொல்ல எழுதிய ஏடுகள் அவை: பெயர், வயது, உயரம், வேலை, பிறந்த நாடு, உடல் அடையாளம். கேட்ட ஒலியைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதியதால் ஒரே ஆள் இரு ஏடுகளில் இரண்டு பெயராக நிற்பார். வயதும் பெரும்பாலும் உத்தேசம்தான். உயரம், தழும்பு, உடைமையாளர் மூன்றும் ஒத்துவந்தால்தான் இருவரும் ஒருவரே என்று கொள்ளலாம். மொசாம்பிக், மடகாஸ்கர் மக்களோடு இந்தியர்களும் அந்த ஏடுகளில் இருக்கிறார்கள். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி வழியாகக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் உண்டு. ஒப்பந்தக் கூலிகளுக்கு முன்பே வந்தவர்கள். தமிழ்க் குடும்பங்கள் அப்பெயர்களையும் எழுந்து நின்று கேட்டது எங்களுக்குப் பெரிய நிறைவு.

விடுதலைச் செய்தியோடு மலையேறிய படையினரைக் கண்டு, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று அஞ்சி, தப்பியோடி ஒளிந்திருந்த அடிமைகள் பாறையிலிருந்து குதித்ததாக இங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்ன ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றி. சட்டம் வந்த பிறகும் விடுதலை பெற்றவர்கள் 'தொழில் பயிலுநர்' என்ற பெயரில் பழைய முதலாளியிடமே கட்டுண்டு கிடந்தார்கள், 1839 மார்ச் 31 வரை. இழப்பீடாக வந்த சுமார் 20 லட்சம் பவுண்டும் முதலாளிகளுக்கே போனது. இதை விளக்கிய ஆசிரியர்களுக்கும் நன்றி.

சமைத்தவர்கள், பந்தல் போட்டவர்கள், கரையைச் சுத்தம் செய்த மீனவர்கள் எல்லாருக்கும் கடமைப்பட்டுள்ளோம்.

ரவான்களை எடுத்துச் சென்றவர்கள் தரையில் சாய்த்து வைக்காமல், காற்றோட்டமான உலர்ந்த இடத்தில் மாட்டி வையுங்கள். தோலில் பூஞ்சை தெரிந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், தண்ணீர் வேண்டாம்.

நன்றியுடன்,
விழாக் குழுவினர்