காலி மனையில் யாருடைய தட்டி? டொமைன் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டொமைன் பெயர் பதிவு செய்து தரும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சிவகாசியில் அப்பா நடத்தும் சின்ன அச்சகத்துக்குப் போன வருடம் ஒரு டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, வாங்கினேன். உடனே இணையதளம் கட்டும் எண்ணம் இல்லை. நல்ல பெயர் கைவிட்டுப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். தளத்தின் பக்கங்களை வைக்க சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங்கும் எடுக்கவில்லை. அப்பாவோ சந்தோஷத்தில் அடுத்த வாரமே விசிட்டிங் கார்டில் அந்த முகவரியைப் போட்டுவிட்டார்.

காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர், கடையில் நின்றபடியே அதைப் போனில் தட்டிப் பார்த்தார். மேலே எங்கள் அச்சகத்தின் பெயர் பெரிய எழுத்தில். கீழே உடனடிக் கடன், ரம்மி என்று வரிசையாக விளம்பரங்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் போனை அப்பாவிடம் நீட்டினாராம். “என்னம்மா, நம்ம பேர்ல சீட்டாட்டம் நடக்குது?” என்று அன்று ராத்திரி அப்பா கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

நான் விளம்பரம் கேட்கவே இல்லை. பெயரை வாங்கியதும் அது விற்றவரின் நேம்சர்வரில், அதாவது அந்தப் பெயரைத் தட்டுகிறவரை எங்கே அனுப்புவது என்று சொல்லும் சர்வரில், போய் நிற்கிறது; அங்கே தளமில்லாத பெயர்களுக்கென்று விளம்பரம் நிரப்பிய ‘பார்க்கிங்’ பக்கம் தயாராக இருக்கிறது. வருடக் கட்டணம் கட்டியது நான், சொடுக்குக்கு வரும் காசு அவருக்கு. காலி மனை வாங்கிப் போட்டவரைக் கேட்காமல் அதில் விளம்பரத் தட்டி நடுவதும் இதுவும் ஒன்றுதான். விளம்பரம் ஓடவிட்டுச் சம்பாதிக்க விரும்புகிறவர் தானாகக் கேட்டு வாங்கட்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

விளம்பரமாவது கண்ணுக்குத் தெரிகிறது. மின்னஞ்சல் விஷயம் தெரிவதே இல்லை. ஒரு பெயருக்கு வரும் அஞ்சலை எந்தச் சர்வர் வாங்கும் என்று சொல்வது எம்எக்ஸ் பதிவு. அது இல்லாவிட்டால், அஞ்சல் அனுப்பும் சர்வர் அந்தப் பெயர் சுட்டும் சர்வரின் எண் முகவரிக்கே (ஐபி) கொண்டுபோய்க் கொடுக்கப் பார்க்கும். அதாவது, அப்பாவின் டொமைன் பெயருக்கு யாராவது ஆர்டர் எழுதி அனுப்பினால், அந்த அஞ்சல் பார்க்கிங் சர்வரின் கதவைத் தட்டும். இன்னொரு பக்கம், எங்கள் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் போலி பில் அனுப்பலாம். பெறுகிறவர் சரிபார்க்க அங்கே ஒன்றுமே இருக்காது.

இதற்கு மருந்து டிஎன்எஸ்ஸில், அதாவது பெயருக்கான விவரங்களை வைத்திருக்கும் இணைய முகவரிப் புத்தகத்தில், மூன்று வரி. இந்தப் பெயரில் எந்தச் சர்வரும் அஞ்சல் அனுப்பாது என்று ஓர் எஸ்பிஎஃப் வரி. மீறி வந்தால் நிராகரியுங்கள் என்று ஒரு டீமார்க் வரி. இங்கே அஞ்சல் வாங்குவதில்லை என்று சொல்லும் வெற்று எம்எக்ஸ் வரி. அதில் சர்வர் பெயர் இருக்கும் இடத்தில் ஒரே ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளிக்கான விதிமுறை 2015-லேயே வந்துவிட்டது. இதையெல்லாம் தேடிப் படித்து நான் சேர்த்தேன். அச்சு மை படிந்த கையோடு அப்பா சேர்க்க முடியுமா? நீங்கள் நினைத்தால் பெயர் விற்கும் நொடியிலேயே தானாகச் சேர்ந்துவிடும்.

ஆளில்லாத பெயரை விளம்பரமாக்கும் ஆசை புதிதல்ல. 2003 செப்டம்பரில், டாட் காம், டாட் நெட் பெயர்ப் பட்டியலை நடத்தும் வெரிசைன் நிறுவனம், பதிவாகாத டாட் காம், டாட் நெட் பெயர்களைத் தட்டியவர்களையெல்லாம் தன் பக்கத்துக்குத் திருப்பியது. அப்படி ஒரு பெயர் உண்டா இல்லையா என்று பார்த்துக் குப்பை அஞ்சலைத் தடுத்த வடிகட்டிகள் குழம்பிப்போயின. டொமைன் பெயர் முறையை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பு கண்டித்ததும் அக்டோபர் 4-ஆம் தேதி நிறுத்தினார்கள். மூன்று வாரம்கூட ஓடவில்லை. யாரும் வாங்காத பெயருக்கே அவ்வளவு எதிர்ப்பு வந்ததென்றால், நாங்கள் காசு கொடுத்து வாங்கிய பெயருக்கு ஒரு வார்த்தை கேட்கவாவது வேண்டாமா?

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஹோஸ்டிங் இல்லாத பெயரைத் தட்டினால் ஒன்றும் வராமல் இருக்கட்டும். இல்லையென்றால் ‘தளம் இன்னும் தயாராகவில்லை’ என்று ஒரு வரி, தமிழிலும் வரட்டும். அந்த மூன்று அஞ்சல் வரிகளும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். உரிமையாளர் பின்னால் மின்னஞ்சல் தொடங்கும்போது ஒரே பொத்தானில் மாற்றிக்கொள்ளும் வசதியும் கொடுங்கள். அப்புறம், விளம்பரத்துக்கான சம்மதத்தை நீண்ட ஒப்பந்தத்தின் அடியில் ஒளிக்காமல், பணம் கட்டும் பக்கத்திலேயே தனியாகக் கேளுங்கள்.

எங்கள் பெயரில் இப்போது விளம்பரம் இல்லை. அப்பா மட்டும் மிச்சமிருக்கும் கார்டுகளில் அந்த முகவரியைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் ஆட்களிடம் கொடுக்கிறார்.

இப்படிக்கு,
ஓர் அச்சகக்காரரின் மகள்