இந்த வைர மோதிரத்துக்கு இந்த விலை தகுமா?

அன்புள்ள தம்பிக்கு,

மோதிரத்தின் படத்தையும் விலையையும் அனுப்பி, 'கொடுக்கலாமா அண்ணா?' என்று கேட்டிருந்தாய். உன் உழைப்பில் சேர்த்த பணம் இது. படத்தை மட்டும் பார்த்து ஆம், இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'ஒரு காரட் வைர மோதிரம்' என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்குள் ஒன்றுக்கொன்று பல மடங்கு விலை வித்தியாசம் உள்ள கற்கள் அடங்கும்.

படத்தில் நடுக்கல்லைச் சுற்றிப் பொடிக்கற்கள் தெரிகின்றன. அந்த ஒரு காரட் ஒரே கல்லின் எடையா, எல்லாம் சேர்ந்த எடையா என்று முதலில் கேள். ஒரு காரட் என்பது 0.2 கிராம், அதாவது 100 சென்ட். நடுக்கல் 40 சென்ட், மற்றதெல்லாம் பொடி என்றால், ஒற்றைக்கல் மோதிரத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட அது வரக் கூடாது. பெரிய கல் அரிது. அதனால் எடை ஏற ஏற, காரட்டுக்கு இவ்வளவு என்ற விலையும் சேர்ந்து ஏறும்.

அடுத்தது, நிலத்தில் கிடைத்த கல்லா, ஆய்வகத்தில் வளர்த்ததா? இரண்டுமே அசல் வைரம்தான். வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது, கடைகளில் வைத்திருக்கும் வெப்பச் சோதனைக் கருவியும் இரண்டையும் வைரம் என்றே காட்டும். ஆய்வகக் கல்லின் விலை சமீப ஆண்டுகளில் வெகுவாக இறங்கிவிட்டது. அதை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை, இயற்கைக் கல்லின் விலையைக் கொடுத்து வாங்காதே, அவ்வளவுதான். எந்த வகை என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்.

சான்றிதழ், கல்லை விற்பவருக்குத் தொடர்பில்லாத, தரம் பார்க்கும் ஆய்வகத்தினுடையதாக இருக்கட்டும். எல்லா ஆய்வகமும் ஒரே கண்டிப்போடு தரம் போடுவதில்லை. ஒரு இடத்தில் 'ஜி' என்ற நிறத் தரம் வந்த கல், வேறொரு இடத்தில் ஓரிரு படி கீழே போகலாம். சான்றிதழ் எண்ணை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார். கல்லின் விளிம்பில் லேசரால் எண் பொறித்திருந்தால், பத்து மடங்கு லென்ஸில் அதே எண் தெரிகிறதா என்றும் பார்.

நிறத் தரம், நிறமே இல்லாத 'டி'யில் தொடங்கி மஞ்சள் சாயல் தெரியும் 'இசட்' வரை. தெளிவு, குறையே இல்லாத 'எஃப்.எல்.' முதல் கண்ணுக்கே குறை தெரியும் 'ஐ3' வரை. இவற்றின் உச்சிப் படிகளுக்குப் பெரும் பணம் கேட்பார்கள். தெளிவில் மேல்படியான 'வி.வி.எஸ்.' கல்லையும் அதற்கு அடுத்த 'வி.எஸ்.' கல்லையும் பக்கத்தில் வைத்தால் வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மஞ்சள் தங்கத்தில் பதித்த கல்லில் லேசான மஞ்சள் சாயலும் மறைந்துவிடும். அங்கே மிச்சம் பிடி.

அந்த மிச்சத்தைப் பட்டை தீட்டலில் போடு. கடையில் 'கட்' என்பார்கள். கல் ஜொலிப்பதும் மங்கிக் கிடப்பதும் பெரும்பாலும் இதனால்தான். சரியான கோணத்தில் தீட்டிய கல், உள்ளே போன ஒளியை மேற்பக்கமாகவே திருப்பி அனுப்பும். அடிப்பாகம் ஆழமாகிவிட்டால் நடுவில் கருக்கும், தட்டையானால் ஒளி கீழே கசிந்துவிடும். தீட்டுபவருக்கு எடையைக் காப்பாற்றத்தான் ஆசை, ஏனென்றால் விற்பனை எடைக்குத்தானே! நன்றாகத் தீட்டிய ஒரு காரட் வட்டக்கல்லின் குறுக்களவு சுமார் 6.4 முதல் 6.5 மில்லிமீட்டர். உனக்குக் காட்டும் கல் 6 மில்லிமீட்டர்தான் என்றால், மேலிருந்து பார்க்க அது ஏறக்குறைய 80 சென்ட் கல். மீதி எடை வயிற்றில் ஒளிந்திருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் உன்னிடம் காசு கேட்கிறார்கள். அளவு சான்றிதழிலேயே இருக்கும். ஜி.ஐ.ஏ. என்ற அமெரிக்க ஆய்வகத்தின் சான்றிதழில் கட் தரம் பெரும்பாலும் வட்டக் கல்லுக்குத்தான் வரும். ஓவலோ பேரிக்காய் வடிவமோ என்றால் உன் கண்ணையே நம்ப வேண்டும். கடையின் குவி விளக்கை விட்டு, ஜன்னலோர வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்.

இனி கணக்கு. கல், உலோகம், செய்கூலி மூன்றுக்கும் தனித்தனி விலை கேள். '750' முத்திரை இருந்தால் முக்கால் பங்கு தங்கம். அந்தத் தங்கத்தின் எடைக்கு அன்றைய விலையைப் போட்டு, அதையும் கூலியையும் பொடிக்கற்களின் விலையையும் மோதிரத்தின் மொத்த விலையிலிருந்து கழி. மிஞ்சுவதை நடுக்கல்லின் எடையால் வகுத்தால் காரட் விலை கிடைக்கும். அதே வகை, அதே ஆய்வகம், அதே நிறம், தெளிவு, கட், ஏறக்குறைய அதே எடையுள்ள பதிக்காத கற்கள் சிலவற்றின் விலையோடு அதை ஒப்பிடு. கடைக்காரர் தன் செலவுக்கும் லாபத்துக்கும் கொஞ்சம் கூட வைப்பது நியாயம்தான். பாதிக்குப் பாதி கூட இருந்தால் காரணம் கேள்.

'ராபபோர்ட் பட்டியல் விலைக்கும் குறைவு' என்று காட்டினால் மயங்காதே. 1978 முதல் வரும் அந்த வியாபாரப் பட்டியல் பேரத்துக்குத் தொடக்கப்புள்ளி. வியாபாரிகள் தங்களுக்குள்ளேயே பெரும்பாலும் அதற்குக் கீழேதான் முடிக்கிறார்கள்.

முழு ஒரு காரட்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், 95 சென்ட் கல் ஒன்றையும் கேட்டுப் பார். சரியாக 1.00 தொட்டவுடன் விலை ஒரு தாவு தாவும். குறுக்களவில் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர் அளவுதான்.

சான்றிதழ் எண், மில்லிமீட்டர் அளவு, பிரித்த விலை மூன்றையும் வாங்கி அனுப்பு, சேர்ந்தே கணக்குப் போடுவோம். தர மறுத்தால் முன்பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடு.

அன்புடன்,
அண்ணன்