சீனியை உடைக்கும் நொதியம் குடலில் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த சமிபாடு பற்றிய கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாப்பொருளையும் சீனியையும் உடைக்கும் நொதியங்களின் கதையைக் கட்டுரையாளர் சிறுகுடலோடு முடித்துவிட்டார். உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி வைக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முலையூட்டிகளின் கலங்களுக்குள்ளேயும் இந்த வேலை நடக்கிறது. 1955 இல் விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவே அறிவித்த, கலத்துக்குள் வேண்டாதவற்றை உடைக்கும் சிறு பையான இலைசோசோமுக்குள் அமில அல்பா குளுக்கோசிடேசு என்றொரு நொதியம் உண்டு. உடல் சேமித்து வைக்கும் மாப்பொருளான கிளைக்கோசனை உடைத்துக் குளுக்கோசாக்குவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் கிளைக்கோசன் தசையிலும் இதயத்திலும் தேங்கிவிடும். இதயம் பெருத்து இறந்த 7 மாதக் குழந்தையைப் பற்றி நெதர்லாந்து வைத்தியர் பொம்பே 1932 இல் எழுதினார். பொம்பே நோய் எனப்படும் அதன் காரணம் 1963 இல்தான் பிடிபட்டது. பெல்ஜியத்தில் ஹேர்ஸ் என்பவர் அந்த நொதியம் இல்லாததைக் காட்டினார்.

நொதியம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? குளுக்கோசோடு ஒரு சாயத்தைப் பிணைத்துக் கொடுப்பார்கள். நொதியம் வெட்டினால் சாயம் விடுபட்டு, புறஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். சரி, இவ்வளவுதானா என்றால் இல்லை. வெண்குருதிக் கலங்களிலுள்ள இன்னொரு நொதியமும் அதே பிணைப்பை வெட்டும். நோயுள்ள பிள்ளையின் இரத்தமும் ஒளிர்ந்து எங்களை ஏமாற்றிவிடும். இந்த இரண்டாவது நொதியத்தை அடக்க அக்கார்போஸ் சேர்க்கிறார்கள். ஆம், நீரிழிவுக்காரர் சிலருக்குச் சாப்பாட்டோடு கொடுக்கும் அதே மருந்துதான்! அதற்குப் பிறகுதான் கடதாசியில் காய்ந்த ஒரு சொட்டு இரத்தத்தை நம்பிச் சோதிக்க முடிந்தது. பரம்பரையலகின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு இந்தத் துப்பறியும் வேலை தெரியவே வராது.

மச்சான் மச்சாள் கலியாணம் இன்னும் நடக்கும் எங்கள் ஊருக்கு இது தூரத்து விஷயமும் அல்ல. தாய் தகப்பன் இருவரும் இந்தக் குறையைக் காவினால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று.

கட்டுரையாளர் இரண்டாம் பாகம் எழுதுவாரானால் மருந்தையும் சேர்க்கட்டும். இந்த நோய்க்கு 2006 இல் அனுமதி பெற்ற நொதிய மருந்தைச் சீன வெள்ளெலியின் சூலகக் கலங்களில் வளர்த்து எடுக்கிறார்கள். சாதாரண பற்றீரியாவில் எடுத்தால் மனோசு-6-பொசுபேற்று என்ற சீனி அடையாளம் அதில் ஒட்டாது, மருந்து இலைசோசோமுக்குப் போய்ச் சேராது. சீனியை வெட்டப் போகிற நொதியத்துக்கே வழிகாட்ட ஒரு சீனி வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கோண்டாவில்.