டேல்ஸ் வே பாதையில் எங்களுக்குத் துணைநின்ற அனைவருக்கும் நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

வட இங்கிலாந்தின் இல்க்லி நகரிலுள்ள பழைய பாலத்தருகே தொடங்கி, விண்டர்மியர் ஏரிக்கரையில் போனெஸ் என்னும் ஊரில் முடியும் டேல்ஸ் வே நடைபாதையை எங்கள் குழுவினர் வார இறுதிகளில் பகுதி பகுதியாக நடந்து நிறைவு செய்திருக்கிறோம். ஏறத்தாழ 80 மைல் நீளமுள்ள இப்பாதை வார்ஃப் ஆற்றின் கரையோடு மேலேறி, கேம் மேட்டு நிலத்தைக் கடந்து, பின்னர் டீ, லூன், கென்ட் ஆறுகளின் பள்ளத்தாக்குகள் வழியே இறங்குகிறது. குழந்தைகளும் அறுபது வயதைக் கடந்தவர்களும் இருந்த ஒரு குழு இதைப் பாதுகாப்பாக நடந்து முடித்ததற்குக் காரணமானவர்கள் பலர். அவர்களுக்கு எங்கள் நன்றியை முறைப்படி தெரிவிக்கவே இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி விவசாயக் குடும்பங்களுக்கே உரியது. இப்பாதையின் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலங்களின் ஊடாகவே செல்கிறது. பொதுமக்கள் அங்கே நடப்பதற்குச் சட்டப்படி வழியுரிமை உண்டு என்பது உண்மைதான். ஆனாலும், ஆடுகள் குட்டி ஈனும் வசந்தகாலத்தில் இரவும் பகலும் உறக்கமின்றி உழைக்கும் ஒருவரின் தொழுவத்துக்குப் பக்கத்திலேயே நாள்தோறும் அந்நியர்கள் கடந்து செல்வதும், அவர்கள் கதவைச் சரியாகச் சாத்தினார்களா என்று ஒவ்வொரு முறையும் அவரே போய்ப் பார்க்க வேண்டியிருப்பதும் சிறிய பாரம் அல்ல. அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டே எங்களுக்குக் கையசைத்து வணக்கம் சொன்னவர்கள் இவர்கள்.

ஹபர்ஹோம் என்னும் சிற்றூரைத் தாண்டி, பள்ளத்தாக்கு குறுகும் இடத்தில் நடந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். பாதையின் மீதே பசுக்கள் கன்றுகளோடு படுத்திருந்தன. நாங்கள் கதவருகே தயங்கி நிற்பதைத் தொலைவிலிருந்து கண்ட அந்நிலத்துக்காரர் தம் குவாட் பைக்கில் (நான்கு சக்கர மோட்டார் வண்டியில்) வந்து, எங்களைச் சுவருக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மேல்வயலின் கதவைத் திறந்து, தீவனச் சாக்கை உலுக்கி ஓசையெழுப்பி மாடுகளை ஒவ்வொன்றாக அங்கே நகர்த்தினார். அவருடைய நாய் அவ்வளவு நேரமும் வண்டியை விட்டு இறங்கவேயில்லை. கன்றோடு இருக்கும் பசு நாயைக் கண்டால் மிரண்டு பாயும் என்றும், நாயோடு நடப்பவர்கள் இத்தகைய இடத்தில் வேறு வழியாகச் சுற்றிப் போவதே நல்லது என்றும் பிறகு எங்களுக்கு விளக்கினார். அவசர வேலையின் நடுவே அவர் எங்களுக்காக ஒதுக்கிய அந்த நேரத்தை நாங்கள் மிகப் பெரிதாக மதிக்கிறோம்.

அடுத்து, சுவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்பாதை கடந்து செல்லும் யார்க்ஷயர் டேல்ஸ் பள்ளத்தாக்குப் பகுதியில் வயலுக்கு வயல் எல்லையாக நிற்பவை சாந்தோ சிமெண்டோ இன்றிக் கல்லை மட்டுமே அடுக்கி எழுப்பிய சுவர்கள். இருபுறமும் பெரிய கற்களை உட்சாய்வாக வைத்து, நடுவில் சிறு கற்களை நெருக்கி நிரப்பி, இரு முகங்களையும் பிணைக்கும் நீண்ட கற்களை இடையிடையே குறுக்காகப் பதித்துக் கட்டுகிறார்கள். பாதை சுவரைச் சந்திக்கும் இடங்களில் அந்த நீண்ட கற்கள் வெளியே நீட்டி நின்று படிகளாகின்றன. வேறு சில இடங்களில் ஆள் மட்டும் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குக் குறுகலான இடைவெளி விட்டு, ஆடு புகாதபடி, தானே மூடிக்கொள்ளும் சுருள்வில் பொருத்திய சிறு கதவும் வைத்திருக்கிறார்கள். வெள்ளத்திலோ உறைபனியிலோ ஓரிடம் சரிந்தால் கல்லைக் கல்லாகப் பிரித்தெடுத்து அடித்தளத்திலிருந்து மறுபடி அடுக்கவேண்டும். பர்ன்சால் ஊருக்கு மேலே அவ்வாறு ஒரு சுவரை எழுப்பிக்கொண்டிருந்த முதியவர், எங்கள் குழந்தைகள் ஆளுக்கொரு சிறு கல்லை நடுவில் வைக்க இடம்கொடுத்தார். சரியாகப் பொருந்தாத கல்லைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கும் பொறுமையையும் கற்றுக்கொடுத்தார்.

சுவரைத் தாண்ட உதவும் இந்தக் கடவைகளையும் கதவுகளையும் பேணும் பொறுப்பைச் சட்டம் நிலவுரிமையாளரிடம் தந்திருக்கிறது; செலவில் குறைந்தது நான்கில் ஒரு பங்கையாவது பாதைக்குப் பொறுப்பான அதிகார அமைப்பு ஏற்கவேண்டும். நடைமுறையில், 1954ஆம் ஆண்டு முதல் இயங்கும் யார்க்ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் பணியாளர்களும் தன்னார்வலர்களும் சேற்றுநிலத்தில் கற்பலகைகளைப் பதிப்பதும், சாய்ந்த வழிகாட்டிக் கம்பங்களை நிமிர்த்துவதும், மங்கிப்போன மஞ்சள் அம்புக்குறிகளை மாற்றுவதுமாக உழைத்து வருகிறார்கள். கேம் மேட்டில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனியில் சிக்கிய எங்களுக்கு, அவர்கள் நட்ட கம்பங்களே அடுத்தடுத்து வழிசொல்லின. அந்த மேட்டின் ஒருபக்கம் விழும் மழை வார்ஃப் வழியாக வடகடலுக்கும், மறுபக்கம் விழுவது ஐரிஷ் கடலுக்கும் போகிறது என்பதைக் குழந்தைகளுக்குக் காட்டவேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தோம். பனி சற்றே விலகியபோது அதுவும் கைகூடியது.

இப்பாதையையே உருவாக்கியவர்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். 1960களின் பிற்பகுதியில் யார்க்ஷயரின் மேற்கு ரைடிங் பகுதியில் இயங்கிய, நடைப்பயணிகளின் அமைப்பான ராம்ப்ளர்ஸ் சங்கத்தைச் சேர்ந்த டாம் வில்காக், காலின் ஸ்பீக்மன் ஆகியோரும் அவர்களுடைய தோழர்களும், ஏற்கெனவே இருந்த ஆற்றங்கரை வழிகளை ஒன்றோடொன்று இணைத்து, சாதாரண மக்கள் நடக்கக்கூடிய நீண்ட பாதை ஒன்றை வகுத்தார்கள். மலையுச்சிகளைத் தேடிச் செல்லாமல் பண்ணைகளையும் ஊர்களையும் ஒட்டியே அதை அமைத்த அவர்களுடைய தொலைநோக்கினால்தான் எங்கள் முதியவர்களும் உடன்வர முடிந்தது. பாதையைத் தொடர்ந்து பேணிவரும் டேல்ஸ் வே சங்கத்தாருக்கும் எங்கள் நன்றி.

கார் இல்லாதவர்களும் எங்கள் குழுவில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பள்ளத்தாக்குக்குள் ஓடும் டேல்ஸ்பஸ் சேவையும், ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் அமைந்த டென்ட் ரயில் நிலையமும் இல்லாதிருந்தால் அவர்கள் பல பகுதிகளை விட்டிருப்பார்கள். அந்நிலையம் அமைந்துள்ள, மூடப்படவிருந்த செட்டில்–கார்லைல் ரயில்பாதைக்காகப் பல ஆண்டுகள் போராடி, 1989இல் அதைக் காப்பாற்றிய மக்களை அந்நிலைய மேடையில் நின்று நன்றியோடு நினைத்துக்கொண்டோம்.

நனைந்த காலணிகளை உலர்த்தித் தந்த விடுதிக்காரர்களுக்கும் நன்றி. அறுவடைக்கு முந்தைய புல்வெளிகளில் பூக்கள் மிதிபடாதபடி ஒற்றை வரிசையிலேயே கடைசிவரை நடந்த எங்கள் குழந்தைகளையும் மனமாரப் பாராட்டுகிறோம். அந்தப் புல்தான் குளிர்காலத்தில் கால்நடைகளின் உணவு என்று ஒருமுறை சொன்னதை அவர்கள் மறக்கவில்லை.

எங்களுக்கு உதவிய பண்ணைகளுக்குக் குழந்தைகள் தம் கையால் வரைந்த வாழ்த்து அட்டைகளை அஞ்சலில் அனுப்பியிருக்கிறோம். வழியில் படிக்கல் தளர்ந்திருந்த இரண்டொரு கடவைகளின் இருப்பிடத்தையும் படங்களோடு பூங்கா நிர்வாகத்துக்குத் தெரிவித்துள்ளோம். சீரமைப்புக்கு ஆள்பலம் தேவைப்பட்டால் எங்கள் குழுவினரை அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

என்றும் நன்றியுடன்,
நடைப்பயணக் குழுவினர் அனைவரின் சார்பில்,
குழு ஒருங்கிணைப்பாளர்