பொருளாதார வகுப்பை விட்டுவிடாதே, தாயி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த புலம்பலை அம்மா படித்துக் காட்டினாள். காடும் மண்ணும் படிக்கத்தான் கென்டக்கி வரைக்கும் வந்தேன், இவர்கள் வரலாறு, தத்துவம், பொருளாதாரம், கட்டுரை எழுதுவது என்று உயிரை வாங்குகிறார்கள், அந்த நேரத்தில் மண்ணியலில் இன்னும் இரண்டு பாடம் முடித்திருப்பேன் என்கிறாய். போனில் பதில் சொன்னால் 'சரிப்பா சரிப்பா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன மாதம் ஒரு காதுகுத்தில் உன் பெரியப்பாவும் இதையேதான் வேறு மாதிரி கேட்டார். "ஒத்தக்கடை விவசாயக் கல்லூரிக்கு டவுன் பஸ்ஸிலேயே போய் வரலாமே, மரம் நடப் படிக்க அமெரிக்கா எதுக்கு?" நீ படிக்கிற பெரியா கல்லூரியில் கல்விக் கட்டணமே கிடையாது, பதிலுக்குப் பிள்ளைகள் வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது வேலை செய்யவேண்டும் என்றேன். கட்டணம் இல்லை என்றதும் மனுஷர் அடுத்த கேள்விக்கே போகவில்லை. உனக்கு அந்தப் பதில் போதாது.

நான் பெரியாறு பிரதானக் கால்வாயில் வேலை பார்த்தவன். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே நம் மேலூர்ப் பக்கம் ஒருபோகம், 85,563 ஏக்கர். அணையில் தண்ணீர் குறைந்தால் முதல் அடி நமக்குத்தான். ஷட்டரை எத்தனை அங்குலம் தூக்கினால் எத்தனை கனஅடி போகும் என்பதற்கு அட்டவணை உண்டு. அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதுவோம். ஒரு வருடம் முறைத் தண்ணீர் விட்டும் கடைமடைக் கண்மாய்க்குச் சொட்டு கூடப் போய்ச் சேரவில்லை. அட்டவணை சரி, ஷட்டர் சரி, நோட்டும் சரி. ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு கரையோடு நடந்து பார்த்தோம். ஓரிடத்தில் கரைச் சரிவில் வைக்கோல் பரப்பியிருந்தது. காலால் தள்ளினால், அடியில் தொடை கனத்துக்குக் கறுப்பு ஓஸ். வாய் கால்வாய்க்குள் முங்கிக் கிடந்தது, மறுமுனை மேட்டுத் தோட்டத்து மோட்டாருக்குப் போயிற்று. கையை வைத்தால் ஓஸ் துடிக்கிறது.

மோட்டார்க்காரர் பதறவே இல்லை. "என் பட்டா, என் மோட்டார்" என்றார். கரண்ட் இலவசம், ராத்திரி முழுக்க ஓடினாலும் அவருக்குக் காசு செலவில்லை. தண்ணீர் சர்க்கார் சொத்து என்று சட்டம் சொல்கிறது, ஆனால் வழக்குப் போட ஆள் வேண்டும். கடைமடைக் கண்மாய் யாருடையது என்பதையும் சொல்லியாக வேண்டும்: மேல்மடைக்காரர்கள் பந்தியில் சேர்த்து உட்காரவைக்காத ஊர் அது. அவர்களுக்காக யார் பேசுவார்? இலவசக் கரண்ட் பொருளாதாரம், பட்டா சட்டம், பந்தி வரலாறு. இதில் எதற்கு மண்ணியல் பதில் சொல்லும், நீயே சொல்.

ஹார்டின் 1968-ல் எழுதிய கட்டுரையை எனக்கு அனுப்பினாயே, பொதுமேய்ச்சல் நிலம் என்றால் ஆளாளுக்கு மாட்டை ஓட்டி அழித்துவிடுவார்கள் என்று. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். ஓஸ் போட்டவரைப் பார்த்தால் அவர் சொல்வது சரிபோலத்தான் இருக்கிறது. ஆனால் நம் கண்மாய் அப்படி ஆளில்லாத சொத்தாக இருந்ததே இல்லை. மடை திறக்க நீர்க்கட்டி இருந்தார், அவருக்குக் களத்திலேயே நெல் அளந்தார்கள். கலுங்கில் பலகை எப்போது போடுவது, மீன் குத்தகைப் பணம் எதற்குப் போகும், எல்லாம் ஊர் கூடிப் பேசியது. இந்த மாதிரி ஏற்பாடுகளை உலகம் முழுக்கத் தேடி எழுதிய ஆஸ்ட்ரம் அம்மாவுக்கு 2009-ல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். அவரைப் படிக்கத்தான் உனக்கு அந்தப் பொருளாதார வகுப்பு.

நம் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியை எடுத்துக்கொள். கனிமக் கணக்குப் பார்த்தவர்களுக்கு அங்கே டங்ஸ்டன் என்கிற உலோகம் தெரிந்தது. 2024 நவம்பரில் 2,015 ஹெக்டேர் ஏலம் போனது. அந்தக் கணக்கு பொய் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் கழிஞ்சமலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கையும் இருக்கின்றன, குடைவரையில் சிவனின் வடிவமான இலகுலீசர் இருக்கிறார் என்று காட்ட கல்வெட்டு படித்தவர்கள் வேண்டியிருந்தது. ராஜாளியும் லகர் வல்லூறும் இருக்கின்றன என்று பட்டியல் போடப் பறவை பார்ப்பவர்கள் வேண்டியிருந்தது. அப்படித்தான் 2022-லேயே அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. அதுவும் 193 ஹெக்டேர்தான். சரி, அந்தப் பகுதியை மட்டும் ஒதுக்கி எல்லையை மாற்றிப் பார்க்கலாமா என்று டெல்லியில் யோசித்தார்கள். கோடு போட்டால் தண்ணீர் நிற்குமா? மலையில் விழுவது ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது என்பது இங்கே மாடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். கிராமசபைத் தீர்மானம், சட்டமன்றத் தீர்மானம், ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்த கூட்டம். 2025 ஜனவரி 23-ல் ஏலம் ரத்து. உன் அறைத்தோழியின் ஊரில் நிலக்கரிக்காக மலை உச்சியையே வெடிவைத்துத் தள்ளிய கதையை எழுதியிருந்தாய். கீழவளவுக் கிரானைட் குவாரிக் குழிகளை அந்தப் பிள்ளைக்குப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லித் தம்பியிடம் கேட்டிருக்கிறேன்.

வரலாறு எதற்கு என்றும் கேட்டிருந்தாய். அமெரிக்கக் காட்டிலாகாவின் முதல் தலைவர் பின்ஷோ என்று உனக்குப் பாடம் நடத்தியிருப்பார்கள். அவர் யோசனை கேட்டது பிராண்டிஸ் என்கிற ஜெர்மானியரிடம். அந்த பிராண்டிஸ்தான் 1864-ல் நம் நாட்டுக் காட்டிலாகாவுக்கு முதல் தலைவர். 1882-ல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்த பிறகு, அதுவரை அனுபவத்தில் இருந்த எத்தனையோ மலைகளில் ஆடு மேய்ப்பதும் விறகு பொறுக்குவதும் குற்றமாகிவிட்டன. காட்டைக் காப்பாற்றியதும் அந்தச் சட்டம்தான், கிராமத்தானை வேலிக்கு வெளியே நிறுத்தியதும் அதுதான். இதைத் தெரியாமல் நாளைக்கு நீ ஒரு மலையடிவாரத்தில் ஜீப்பை விட்டு இறங்கினால், ஊர்க்காரர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று உனக்குப் புரியாது.

அதற்காக நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன் என்று நினைக்காதே. புள்ளியியலைத் தள்ளிப்போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. கணக்குத் தெரியாதவரை நான் ஷட்டர் பக்கமே விடமாட்டேன், எவ்வளவு அழகாகப் பேசினாலும் சரி. மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, நீ அறிவிக்கும் முன் அதை முடித்துவிடு. வரைபட மென்பொருளும் கற்றுக்கொள். நம் வரத்துக்கால்களில் பாதி சர்வே வரைபடத்தில்தான் இருக்கின்றன, தரையில் இல்லை.

நீ கேட்ட கண்மாய் வண்டலைப் பற்றி. விசாரித்தேன், வெளிநாட்டு மண்ணை அனுமதி இல்லாமல் அமெரிக்காவுக்குள் விடமாட்டார்களாம். உன் பேராசிரியரிடம் பெர்மிட் இருந்தால் அதன் நகலை அனுப்பு. இல்லையென்றால் இங்கேயே பரிசோதனைக்குக் கொடுத்து ரிசல்ட்டை அனுப்புகிறேன். மடைக்குப் பக்கத்து மண் வேண்டுமா, உள்வாய் நடுவில் உள்ளதா என்று நீ எழுதவே இல்லை. இரண்டும் ஒன்றல்ல. மழை பிடித்துத் தண்ணீர் ஏறிவிட்டால் அப்புறம் சித்திரை வரைக்கும் எடுக்க முடியாது, சீக்கிரம் சொல்.

அப்பா