ஜெய்ன் காப்பின் தொப்பியைக் கைப்பின்னலுக்கு விட்டுவிடுங்கள்

டிஸ்னி நிறுவனத்தின் உரிமப் பிரிவினருக்கு,

வணக்கம். விண்கப்பல் ஒன்றின் குழுவைப் பற்றிய ‘ஃபயர்ஃப்ளை’ தொலைக்காட்சித் தொடர் 2019 மார்ச்சில் ஃபாக்ஸின் மற்ற சொத்துகளோடு உங்கள் கைக்கு வந்தது. அந்தச் சொத்தில், தொடரின் ஜெய்ன் காப் என்ற பாத்திரம் போடும் கம்பளித் தொப்பியும் அடக்கம். அதைக் கையால் பின்னுகிறவர்கள் நாங்கள்.

ஃபாக்ஸ் அந்தத் தொப்பியைத் தயாரிக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. அதையொட்டி, 2013-இல் எட்ஸி என்ற கைவினைப் பொருள் விற்பனைத் தளத்தில் கையால் பின்னி விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு விற்பனையை நிறுத்தச் சொல்லி அறிவிப்புகள் போயின. எதிர்ப்பு கிளம்பியதும், உரிமம் பெற்ற தொப்பியை விற்ற திங்க்கீக் அதில் வரும் லாபத்தை ரசிகர்களின் அறப்பணிக்குத் தருவதாக அறிவித்தது. அது நல்ல காரியம்தான். ஆனால் பின்னுகிறவர்களின் நிலை தெளிவாகவில்லை.

தொப்பியைப் பற்றி முடிவெடுக்கும் முன் அதைப் போட்டவனைக் கொஞ்சம் பாருங்கள். ஜெய்ன் காப் கூலிக்குத் துப்பாக்கி தூக்குகிறவன். பழைய கும்பலில் அவனுக்கு ஏழு சதவீதப் பங்கு. கூடுதல் பங்கும் தனி அறையும் தருகிறேன் என்று விண்கப்பலின் கேப்டன் மால் சொன்னதும், நின்ற இடத்திலேயே துப்பாக்கியைக் கூட்டாளி பக்கம் திருப்பியவன். ‘ஏரியல்’ கதையில் காசுக்காக, அதே கப்பலில் தஞ்சம் புகுந்த அண்ணன் தங்கை சைமனையும் ரிவரையும் காட்டிக்கொடுத்தவன். ‘தி மெசேஜ்’ கதையில் அவனுக்கு அம்மாவிடமிருந்து ஒரு பொட்டலம் வருகிறது. கடிதத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். அவன் வீட்டுக்குப் பணம் அனுப்பியதும், அங்கே நோயாளி ஒருவர் இருப்பதும் அந்தக் கடிதத்தில்தான் தெரிகிறது. தொப்பியை எடுத்து உடனே தலையில் மாட்டிக்கொள்கிறான். முரடனுக்கும் ஒரு வீடு உண்டு என்பதை, ஜெய்னாக நடித்த ஆடம் பால்ட்வின் வசனத்தைவிட அந்தத் தொப்பியால்தான் அதிகம் காட்டுகிறார். அது அம்மா பின்னியதாகத் தெரியாவிட்டால் அந்தக் காட்சியே நிற்காது.

அம்மா பின்னியதாகத் தெரிவது எதனால்? முதல் காரணம் நூல். தடித்த கம்பளி நூல், 6.5 மி.மீ. வட்ட ஊசி. அங்குலத்துக்கு மூன்று கண்ணி விழ வேண்டும். 60 கண்ணி போட்டால் சுற்றளவு 20 அங்குலம் வரும். பின்னல் இழுத்துக்கொடுக்கும் என்பதால் 22 அங்குலத் தலைக்குச் சரியாக உட்காரும். 18 சுற்று நேராகப் பின்னி, பிறகு ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் ஆறு இடத்தில் குறைக்க வேண்டும். ஒன்பது முறை குறைத்தால் ஆறு கண்ணி மிஞ்சும்; நூலை அவற்றின் ஊடே கோத்து இறுக்கலாம். உச்சி சற்றுக் கூராக நிற்கும். அப்படித்தான் நிற்க வேண்டும். வேகமாகக் குறைத்து உச்சியைத் தட்டையாக்கினால் அது வேறு யாருடைய தொப்பியோ ஆகிவிடும்.

மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று நிறம் மாறும் இடத்தில், சுற்றின் தொடக்கமும் முடிவும் ஒரு படி ஏறி இறங்கித் தெரியும். வட்டப் பின்னல் உண்மையில் சுருளாக ஏறுவதே காரணம். அதை மறைக்க வழிகள் உண்டு. நாங்கள் மறைப்பதில்லை.

தொப்பியில் காதை மூடும் மடலில்தான் பலர் தவறுகிறார்கள். விளிம்பில் பக்கத்துக்கு 13 கண்ணி எடுத்து, பின்னால் 8, முன்னால் 26 விட வேண்டும். சமமாகப் பிரித்தால் மடல் காதை விட்டுக் கன்னத்துக்கு வந்துவிடும். மடலை இரு பக்கமும் ஒரே மாதிரி வரும் பின்னலில் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாக வரும் பின்னல் ஓரத்தில் சுருண்டுவிடும். உச்சிக் குஞ்சத்துக்கு மூன்று நிற நூலையும் சேர்த்து, 9 செ.மீ. அட்டை வளையத்தில் அடர்த்தியாகச் சுற்றுகிறோம். நடுவே கட்டுவதற்குக் கம்பளி நூல் ஆகாது, இழுத்தால் அறுந்துவிடும். முறுக்கேறிய பருத்திக் கயிறு வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 150 கிராம் நூல் பிடிக்கும்.

இயந்திரப் பின்னலின் சிறப்பே சீர்மை. கண்ணிக்குக் கண்ணி ஒரே இழுப்பு. மற்ற தொப்பிகளுக்கு அது நல்லது. இந்தத் தொப்பிக்கு அதுவே குறை.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். உங்கள் சின்னத்தையும் தொடரின் பெயர் அச்சிட்ட பொருள்களையும் காத்துக்கொள்ளுங்கள், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் தனி ஆள் தன் கையால் பின்னி, ஒன்றிரண்டாக விற்கும் தொப்பிக்கு அறிவிப்பு அனுப்ப மாட்டோம் என்று எழுத்தில் சொல்லுங்கள். பின்னல் குறிப்புகளை இலவசமாகப் பகிர்வதற்கும் அதே உறுதி வேண்டும். மறுபடி உரிமம் கொடுத்துத் தயாரிப்பதாக இருந்தால், தொப்பியோடு பின்னும் முறையையும் ஒரு தாளில் அச்சிட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
கைப்பின்னல்காரர்கள்