அப்பாவின் காலுக்குக் கண்ணாடி தந்தவர்களுக்கு நன்றி

மலேசியா, சுங்கை சிப்பூட் வட்டாரத் தோட்டத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

இனிப்பு நீர் (நீரிழிவு) முற்றி அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தது உங்களுக்குத் தெரியும். எடுத்த பிறகும் அந்தக் கால் வலித்தது பலருக்குத் தெரியாது. இல்லாத விரல்கள் மடங்கி இறுகிக்கொண்டு பிரிய மாட்டேன் என்கின்றன என்று இரவெல்லாம் தவிப்பார். புத்தி பேதலித்துவிட்டது என்பார்களோ என்று பயந்து வெளியே வாயைத் திறக்கவில்லை.

முதல் நன்றி, பல்கலைக்கழகத்தில் நரம்பியல் படிக்கும் என் சின்னம்மா மகளுக்கு. தீபாவளிக்கு வந்தவள் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். “பெரியப்பா, இது பைத்தியம் இல்லை. கை கால் போன நிறைய பேருக்கு இந்த வலி உண்டு” என்றாள். அப்பா அழுதுவிட்டார்.

பேராசிரியர் வி. எஸ். ராமச்சந்திரனைப் பற்றி அவள் சொல்லித்தான் அறிந்தோம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஆய்வு செய்தவர். கை இழந்த சிலரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டால், இல்லாத விரலிலும் தொடுவதுபோல் இருக்கிறது என்றார்களாம். மூளையில் கைக்கான இடத்தை ஒட்டியே முகத்துக்கான இடம் இருக்கிறது. கையிலிருந்து சேதி நின்றதும் முகத்துக்கான இடம் அங்கே பரவுகிறது என்று விளக்கினார். வளர்ந்தவர் மூளையும் மாறும் என்று பலரை யோசிக்க வைத்த ஆய்வு அது. இருக்கும் கை காலின் பிம்பத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டி, இல்லாததும் அசைவதுபோல் தோன்ற வைப்பதுதான் 1990களில் அவர் கொண்டுவந்த கண்ணாடி வைத்தியம். அதை, கால் இழந்த அமெரிக்க ராணுவ வீரர்களிடம் மருத்துவர்கள் சோதித்து, பலன் இருப்பதாக 2007இல் எழுதினார்கள். இத்தனை படித்தவர் ஏழை வீட்டிலும் செய்யக்கூடிய வழியைக் கண்டாரே, அதற்காகவே அவரைக் கும்பிடுகிறேன்.

அப்புறம், காசு வாங்காமல் கண்ணாடி வெட்டி, கை கிழிக்காதபடி ஓரம் தேய்த்துத் தந்த கடைத் தவுக்கேவுக்கும் (முதலாளிக்கும்), அதைப் பலகையில் பொருத்திக் கட்டிலில் நிற்க வைத்த தச்சு மாமாவுக்கும், பயிற்சியைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த பிசியோ (இயன்முறை மருத்துவ) தங்கைக்கும் நன்றி. இரண்டு கால்களுக்கும் நடுவே கண்ணாடி. அப்பா வலது கால் விரல்களை மெல்ல விரித்தார். கண்ணாடிக்குள் இடது காலும் விரித்தது. “விடுதும்மா, விடுது” என்றார்.

வலி முழுக்கப் போகவில்லை. எல்லாருக்கும் இது பலிக்காது என்று பிசியோ முன்பே சொன்னார். ஆனால் அப்பா இப்போது தூங்குகிறார்.

பக்கத்துத் தோட்டங்களில் யாருக்காவது இப்படி வலி இருந்தால், முதலில் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக்கும் வாருங்கள், கண்ணாடியை எப்படி வைப்பது என்று அப்பாவே காட்டித் தருவார்.

நன்றியுடன்,
அப்பாவின் மூத்த மகள்